செங்குளவி அணியும் படர்தாமரையும்

ஜூலை 2

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். ஒரு கபடி அணிக்கு மேனேஜர் என்றால் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு நாகஜோதி பெரிய ஆளாகிப் பத்திரிகைக்காரர்கள் வந்து, "அய்யா, ஆரம்பம் எப்படி?" என்று கேட்டால் நான் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

என் பெயர் வீரபத்திரன். புங்கம்பட்டி செங்குளவி மகளிர் கபடிக் குழுவின் மேனேஜர், வேன் டிரைவர், பாதி கோச். மீதி கோச் ஃபிலோமினா டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித் தருகிறவர். நாகஜோதி என் அக்கா பஞ்சவர்ணத்தின் மகள், வயது பத்தொன்பது. ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்பும் பழக்கம் அவளுக்கு இல்லை. அது தாய்மாமன் வழி ரத்தம். நான் மாவட்ட அணியில் ஆடியவன். மாநில அணி என்றே சொல்லலாம், முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால்.

இன்று மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் 34க்கு 19 என்று ஜெயித்தோம். அடுத்தது ஆகஸ்ட் 31, மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு. நாகஜோதிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

திரும்பி வரும்போது வேனில் இடது கையைச் சொறிந்துகொண்டே வந்தாள். முழங்கைக்கு மேலே பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் சிவப்பு, நடுவில் தோல் நிறம். படர்தாமரை. இதற்கெல்லாம் என்னிடம் மருந்து இருக்கிறது.

ஜூலை 3

கண்ணாயிரம் மெடிக்கலில் க்ரீம் வாங்கினேன். என் முதுகில் வந்தபோது, லாரி ஆபீஸ் ராசப்பனுக்குத் தொடையில் வந்தபோது, எல்லாவற்றுக்கும் இதுதான். கண்ணாயிரம், "மூணு நாளைக்கு மேல போடாதே பத்திரா, டாக்டரைப் பாரு" என்றான். மெடிக்கல்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பழக்கம். பெட்டியில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. கண்ணாடி எடுத்துப் போகவில்லை.

ஜூலை 6

சிவப்பு போயே போய்விட்டது. அரிப்பும் இல்லை. மூன்றே நாள். அக்காவிடம் கையைக் காட்டச் சொன்னேன்.

"பாத்தியா. டாக்டருக்குப் படிச்சவன் மூணு மாசம் இழுப்பான்."

"நீ எட்டாவதோட நின்னது நாட்டுக்கு நஷ்டம்தான் போ" என்றாள் அக்கா. அவள் பேச்சு அப்படித்தான், உள்ளே பெருமை.

அணியில் இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அதே அரிப்பு. ஆளுக்கு ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்தேன். என் செலவு. மேனேஜர் என்றால் சும்மாவா.

ஜூலை 15

நாகஜோதிக்குத் திரும்ப வந்திருக்கிறது. பழைய இடத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று அக்கா சொன்னாள். யோசித்துப் பார்த்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. கத்திரிக்காய். அணி முழுவதற்கும் கத்திரிக்காய், கருவாடு, நிலக்கடலை மூன்றுக்கும் தடை போட்டேன்.

முத்தரசி என்று ஒரு பிள்ளை, பிடி ஆட்டத்தில் கெட்டி, வாயிலும் கெட்டி. "மாமா, ஆடிக் கூழுக்குக் கருவாடும் இல்லேன்னா நான் எதிர்த்த டீம்லயே சேந்துக்கிறேன்" என்றது.

ஜூலை 19

கழுத்தில் ஒன்று, முதுகில் இரண்டு. மருந்து போதவில்லை என்று அர்த்தம். இனிமேல் காலையும் மாலையும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். போட்டதும் அடங்குகிறது. மருந்தில் குறை இல்லை.

ஜூலை 23

பக்கத்து ஊரில் ஆட்டம். ஜெயித்தோம். 28க்கு 25.

வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

சரி, எழுதுகிறேன். இரண்டாம் பாதியில் நாகஜோதி ரெய்டு போனாள். அந்த அணியில் மூலையில் நின்று பிடிக்கிற பெண் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். நாகஜோதி போய்த் தொட்டுவிட்டு வந்தாள். புள்ளிதான். ஆனால் அந்தப் பெண் நடுவரிடம் போய், "சார், அவ கழுத்தப் பாருங்க. இவள நான் பிடிக்க மாட்டேன். எனக்கும் ஒட்டிக்கும்" என்றாள். பக்கத்திலேயே மைக் பிடித்தவனும் நின்றான். கேட்டுவிட்டது எல்லாருக்கும்.

திரும்பும்போது வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. நாகஜோதி துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 25

ஃபிலோமினா டீச்சர் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வண்டி என்னுடையது என்பதால் நானும் போனேன். தோல் டாக்டர் பெயர் மெஹருன்னிசா. வயதில் என் மகள் மாதிரி, பேச்சில் என் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரி.

பிளேடின் முனையால் கழுத்துச் செதிலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"சார், முதல்ல பிள்ளை பாக்கட்டும்" என்றார். பிறகு எனக்கும் காட்டினார்.

கண்ணாடி நூல் மாதிரி, கிளை கிளையாக. இதுதான் பூஞ்சையாம். தோலின் மேலே இருக்கும் செத்த ஏட்டைத் தின்று வாழ்கிறது. நான் ஒரு கேள்வி கேட்டேன். நல்ல கேள்வி என்று டாக்டரே சொன்னார். சொல்லவில்லை என்றாலும் முகத்தில் தெரிந்தது.

"அப்ப அந்தச் சிவப்புதானங்க பூஞ்சை?"

"இல்லைங்க. சிவப்பு உங்க ஆளுங்க."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதி வைக்கிறேன். பூஞ்சையின் உடம்பைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. ஒரு மாதிரிச் சர்க்கரையால் பின்னிய சுவர். நம் உடம்பில் எந்தச் செல்லுக்கும் அந்தச் சுவர் கிடையாது. தோலுக்குள் நம் காவல்காரச் செல்கள் நிற்கின்றன. அவற்றுக்குக் கண் இல்லை. மேலெல்லாம் கை மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரில் கை பட்டதும், இது எதிரணி பனியன் என்று தெரிந்துவிடுகிறது. உடனே கூப்பாடு. ரத்தக் குழாய் அகலமாகி வழி விடுகிறது. வெள்ளணுக்கள் குழாயை விட்டு வெளியே இறங்கி ஓடி வருகின்றன. சிவப்பு, சூடு, அரிப்பு எல்லாம் அந்த ஓட்டம்தான்.

வந்தவை பூஞ்சையை விழுங்கப் பார்க்கும். விழுங்க முடியாத அளவுக்கு நீளமாக இருந்தால் அதன் மேல் நஞ்சைக் கக்கும். அதிலும் சில வெள்ளணுக்கள், தங்கள் வயிற்றுக்குள் இருக்கும் நூலையே பிய்த்து வெளியே எறிந்து, வலையாக விரித்துப் பிடித்துவிட்டுச் செத்துப்போகும். இது நான் சேர்த்தது இல்லை. டாக்டரம்மா சொன்னது. டீச்சர் சாட்சி.

படர்தாமரை ஏன் வட்டமாக இருக்கிறது என்பதும் இன்றுதான் தெரிந்தது. நடுவில் நம் ஆட்கள் ஜெயித்து முடித்துவிட்டார்கள். ஓரத்தில் இன்னும் சண்டை நடக்கிறது.

"இவ்வளவு நல்லா சண்டை போடுற உடம்புல எப்படிம்மா இப்படிப் பரவுச்சு? என்ன போட்ட?" என்று டாக்டர் கேட்டார். நாகஜோதி ட்யூபை எடுத்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டீராய்டு. இது பூஞ்சையை நிறுத்தாது. சண்டையை நிறுத்திரும். உங்க ஆளுங்க எல்லாரையும் உக்கார வச்சுட்டு எதிர் டீமை ஆட விட்டா எப்படி? சிவப்பு போயிரும், அரிப்பு போயிரும். அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருக்கும். தோலும் மெலிஞ்சுபோச்சு பாருங்க, வரி விழுந்துருக்கு. யாரு குடுத்தது?"

நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன்.

"மெடிக்கல்ல குடுத்தாங்க டாக்டர்" என்றாள் நாகஜோதி.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். மெடிக்கலில் இருந்து வந்ததுதானே.

இன்றோடு க்ரீமை நிறுத்த வேண்டும். மாத்திரை, வேறு பூச்சு மருந்து. ஆறு வாரமாவது ஆகும். இரண்டு வாரத்துக்கு யாரையும் தொட்டு ஆடக் கூடாது. நிறுத்தியதும் முதலில் இன்னும் மோசமாகச் சிவக்கும், பயப்படாதீர்கள் என்றார்.

ஆறு வாரம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தேர்வு ஐந்து வாரத்திலேயே வந்துவிடுகிறது.

ஜூலை 27

ஐந்து வீட்டுக்கும் போய் ட்யூபைத் திரும்ப வாங்கினேன். புது மருந்து வந்திருக்கிறது, இது பழைய மாடல், கம்பெனியே திரும்பக் கேட்கிறது என்று சொன்னேன். சனிக்கிழமை எல்லாரும் வேனில் ஏறி டாக்டரைப் பார்க்க வரவேண்டும் என்றும் சொன்னேன்.

முத்தரசியின் அம்மா மட்டும் கொடுக்க மாட்டேன் என்றாள். அதை அவள் முகத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "நல்லா வெளுக்குதுண்ணே" என்றாள். பத்து நிமிஷம் போராடி, வெள்ளணு, வலை எல்லாம் சொல்லி வாங்கி வந்தேன். படித்தவர்களுக்குப் பாடம் எடுப்பது இதைவிடச் சுலபம்.

ஐந்தையும் குப்பையில் போட்டேன். நாகஜோதியின் ட்யூப் பாதி இருக்கிறது. அது வேன் டேஷ்போர்டில் கிடக்கட்டும். அவசரத்துக்கு.

ஆகஸ்ட் 2

டாக்டர் சொன்னது நடந்துவிட்டது. கழுத்தும் கையும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி. ராவெல்லாம் தூங்கவில்லையாம். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்த பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இப்படி ஆக்கிக் கொண்டாந்துருக்கியே. உன் க்ரீமே தேவலையேடா."

என்னைப் புகழ்ந்து ஒரு வார்த்தை அக்கா சொல்லிக் கேட்டு இருபது வருஷம் இருக்கும். அது இப்போதுதான் வர வேண்டுமா.

"சிவப்புன்னா நம்ம ஆளுங்க எந்திரிச்சுட்டாங்கன்னு அர்த்தம்கா" என்றேன்.

"யாருடா நம்ம ஆளுங்க?"

விளக்கினேன். பாதியில் சாதம் வடிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3

டேஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

கழுத்தில் சிவப்பு தணிந்து காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருக்கிறது. கையில் மட்டும் ஓரம் விடாமல் நிற்கிறது. தொட்டு ஆட டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், மூடிக்கட்டிக்கொண்டு. பனியனைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும், ஒருவர் துண்டை ஒருவர் தொடக் கூடாது. அணி முழுவதற்கும் அதே சட்டம். கத்திரிக்காய்க்கும் படர்தாமரைக்கும் சம்பந்தமே இல்லையாம். தடையை நீக்கினேன். முத்தரசி சாயந்தரமே பயிற்சிக்குக் கருவாட்டு வாசனையோடு வந்தது.

டீக்கடையில் பூஞ்சை பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பதினைந்து பேர் கேட்டார்கள். ஏழு பேர் இருக்கும். ராசப்பன், "அப்ப என் தொடைல போட்டதுக்கு என்ன சொல்ற?" என்று கேட்டான். நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

ஆகஸ்ட் 28

பயிற்சி முடிந்து எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டேன். நாகஜோதி முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, டேஷ்போர்டுல ஒரு ட்யூப் இருக்குல்ல."

"எந்த ட்யூப்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. செலக்ஷன்ல டாக்டர் செக்கப் இருக்காம். தோலைப் பாத்துட்டுத்தான் ஆட விடுவாங்களாம். போன வருஷம் ரெண்டு பேரை வாசல்லயே அனுப்பிட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. மூணு நாள் போட்டா சிவப்பு அடங்கிரும். முடிஞ்சதும் நிறுத்திர்றேன்."

அதை நான் வைத்திருந்ததே அதற்காகத்தான். இதை எழுதலாமா என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நான் கொடுத்தால் போடுவாள். அடங்கும். உள்ளே விடுவார்கள். ஆனால் ஒரு மாதமாக அரிப்பைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, இவள் எழுப்பி நிறுத்திய ஆட்களைத் திரும்பவும் உட்கார வைக்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

"காலி" என்றேன்.

"பாதி இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நான் தொடைல போட்டுக்கிட்டேன்."

"உங்களுக்கும் இருக்கா? அப்ப ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

நான் சாவியைத் திருகினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே அழுகையும் வந்துவிட்டது. "இந்த வருசம் விட்டா அவ்வளவுதான் மாமா."

"தெரியும்" என்றேன்.

 

ஆகஸ்ட் 29

காலையில் வேன் கழுவினேன். டேஷ்போர்டையும் சுத்தம் செய்தேன்.

ஆகஸ்ட் 31

விடிவதற்குள் கிளம்பி ஏழு மணிக்கு உள்விளையாட்டரங்கத்தில் இருந்தோம். பல மாவட்டத்துப் பிள்ளைகள், அப்பாக்கள், கோச்கள். காத்திருந்த நேரத்தில் நான் ஆடிய ஆட்டங்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு கோச் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார்.

பத்து மணிக்கு நாகஜோதியின் முறை. டீச்சர் அவளோடு திரைக்குப் பின்னால் போனார். மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். இவள் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் கையில் எங்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வெளியே வந்தார்.

"நாகஜோதி கூட வந்த கார்டியன் யாரு?"

எழுந்து போனேன். எல்லாருக்கும் கேட்கிற தூரம்தான்.

"மெடிக்கல்ல குடுத்த ஸ்டீராய்டு க்ரீம்னு போட்டிருக்கு. கடை பேரைச் சொல்லுங்க. இன்னிக்கு மட்டும் பதினோரு பொண்ணுங்க இப்படி வந்துருக்காங்க. லிஸ்ட் போட்டு மேல அனுப்பப் போறேன்."

கண்ணாயிரம் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருக்கலாம். திரைக்குப் பக்கத்தில் நாகஜோதி நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு மாதிரியே எனக்காகச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"கடைக்காரர் மூணு நாளைக்கு மேல வேணாம், டாக்டரைப் பாருன்னுதாங்க சொன்னாரு" என்றேன். "மூணு வாரம் போடச் சொன்னது நான். காலைல சாயந்தரம்னு ஏத்துனதும் நான். இன்னும் அஞ்சு பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுத்ததும் நான்தான்."

"நீங்க யாரு?"

"தாய்மாமன். டீமுக்கு மேனேஜர்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

மாஸ்டர் என்று கூப்பிட்ட கோச் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார்.

"கையில இன்னும் ஓரம் சிவப்பா இருக்கு. சிகிச்சைல இருக்கா, மூடிக்கட்டி ஆடலாம்னு உங்க டாக்டர் எழுதியிருக்காங்க. ஆனா நேத்து வரைக்கும் அந்தக் க்ரீமையே போட்டுட்டு, லெட்டரும் வாங்கிட்டு வர்றவங்களை நான் பாத்திருக்கேன். நீங்களும் அப்படித்தானா? உண்மையைச் சொல்லுங்க."

"போட்டிருந்தா இந்தச் சிவப்பு இருக்காதுங்க டாக்டர். நல்லா வழுவழுன்னு கூட்டிட்டு வந்து நிறுத்தியிருப்பேன். அந்தச் சிவப்பு அவ ஆளுங்க. முப்பத்தேழு நாளா ஆடிக்கிட்டு இருக்காங்க."

டாக்டர் நாகஜோதியின் கையை வெளிச்சத்தில் திருப்பி, சிவந்த ஓரத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"அது சரிதான்" என்றார். "பிளாஸ்திரி போட்டு உள்ள அனுப்புங்க."

நாகஜோதி ஆட்டக்களத்தில் இறங்கினாள். நாலாவது ரெய்டில் ஐந்து பேரைத் தொட்டுவிட்டு வந்தாள்.

சரி, மூன்று பேர். அதில் ஒருத்தி தானாகவே கோட்டைத் தாண்டிவிட்டாள். ஆனால் மற்ற இருவர் கை கோத்துச் சங்கிலி போட்டு இவளைப் பிடித்தார்கள். பிளாஸ்திரி போட்ட கையைத்தான் பிடித்தார்கள், யாரும் ஒதுங்கவில்லை. அந்தப் பிடியிலிருந்து தரையோடு தரையாக உருவிக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டாள். நான் கத்தியதில் தொண்டை போய்விட்டது.

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டாள்: "தொடைல போட்டேன்னு அந்த டாக்டர்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"கேக்கலயே" என்றேன்.

செப்டம்பர் 4

மாலை நாலு மணிக்கு டீச்சர் போன் செய்து பட்டியலைப் படித்தார். மாநில அணிக்குப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஏழு பெயர் போனது, எட்டு போனது, பத்து போனது. பதினொன்றும் போனது. பன்னிரண்டாவது பெயர் நாகஜோதி.

அக்கா முதலில் அழுதாள், பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், பிறகு கேசரி கிண்டினாள். நாகஜோதி இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடப் போய்விட்டாள். மாத்திரை இன்னும் சில நாள் பாக்கி இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

டீக்கடையில் மூன்றாவது பெயர் என்று சொன்னேன். கண்ணாயிரத்திடம் இரண்டாவது என்று வந்துவிட்டது.

இங்கே பன்னிரண்டு என்றே இருக்கட்டும். பன்னிரண்டு என்றாலும் மாநில அணிதான்.